சூழலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தரவுகளில் தேடுவது எப்படி?

எந்த மாசு, எந்த நோய், எந்தப் பகுதி, எந்தக் காலம் என்ற நான்கும் தெளிவாக இல்லாத கேள்விக்கு எந்த அட்டவணையும் விடை தராது. "காற்று கெட்டதால் ஆஸ்துமா பெருகியதா?" என்பதை விட, "காற்றில் பிஎம் 2.5 என்னும் மிக நுண்ணிய துகள்கள் மிகுந்த நாளிலும் அடுத்த மூன்று நாள்களிலும் மூச்சுத்திணறலுக்காக மருத்துவமனைக்கு வருவோர் கூடுகிறார்களா?" என்பது சோதித்துப் பார்க்கத் தக்க கேள்வி.

காற்றுமாசு அளவீடுகளை ஓப்பன்ஏக்யூ தளத்திலும், மழை, வெப்பநிலை விவரங்களை ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் காலநிலைச் சேவையிலும் எவரும் கட்டணமின்றிப் பெறலாம். நோய்க் கணக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது; நோயாளிகளின் அந்தரங்கம் கருதி, அது பெரும்பாலும் மாவட்டம் போன்ற பெரிய பகுதிகளுக்கான வார அல்லது ஆண்டுத் தொகையாகவே வெளியிடப்படுகிறது. ஆகவே இரண்டு தரவுகளையும் ஒரே பரப்பளவுக்கும் ஒரே கால அளவுக்கும் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். அட்டவணையில் வெறுமையாக விடப்பட்ட கட்டத்தைச் சுழியம் என்று எண்ணிவிடக் கூடாது. எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்ததால் அது மறைக்கப்பட்டிருக்கலாம்.

நோயாளிகளின் எண்ணிக்கையை அப்படியே வரைபடத்தில் இட்டால், மக்கள்தொகை எங்கே அதிகம் என்பதுதான் தெரியும். லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று வீதமாக மாற்றி, சில பகுதிகளில் முதியவர்கள் மிகுந்திருப்பார்கள் என்பதால், வயது வேறுபாட்டின் விளைவையும் நீக்கிப் பார்க்க வேண்டும். சிற்றூர்களில் வீதமும் ஏமாற்றும்: 800 பேர் வாழும் ஊரில் நோயாளிகள் இருவர் நால்வரானால் வீதம் 250இலிருந்து 500 ஆகிவிடும், ஆனால் அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். பல ஆண்டுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பதே இதற்கு வழி.

சூழலின் விளைவு எப்போது வெளிப்படும் என்பது நோய்க்கு நோய் மாறும். கடும் வெப்பத்தின் பாதிப்பு சில நாள்களிலேயே தெரியும். கொசு பெருகி, அதன் உடலில் கிருமி முதிர வேண்டியிருப்பதால், டெங்கு மழைக்குச் சில வாரங்கள் கழித்தே கூடும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் வரும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் மக்கள் வேறிடங்களுக்குக் குடிபெயர்ந்திருப்பார்கள் என்பதால், இன்றைய புற்றுநோயை இன்றைய தூசி அளவோடு பொருத்துவதில் பயனில்லை.

தொடர்பு தென்பட்டதும் அதற்கு ஒத்துவராதவற்றைத் தேட வேண்டும். தேடலின் சுவையான பகுதி இதுதான் என்பேன். 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, மரணங்கள் பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றிக் குவிந்திருப்பதை மருத்துவர் ஜான் ஸ்நோ கண்டார். ஆனால் அருகிலிருந்த மதுவடிப்பாலையின் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் எவரும் காலராவால் இறக்கவில்லை. தொலைவிலுள்ள ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி இறந்திருந்தார். விசாரித்தபோது, தொழிலாளர்கள் அந்தக் குழாயை நாடவே இல்லை என்பதும், மூதாட்டி அதன் நீரை விரும்பி வரவழைத்துக் குடித்தவர் என்பதும் தெரியவந்தன. விலகி நின்ற இவ்விரண்டுமே, அந்தக் குழாயின் நீரால்தான் காலரா பரவியது என்ற ஸ்நோவின் வாதத்துக்கு வலுச் சேர்த்தன.

மாசு, நோய் இரண்டையும் ஒருசேர உயர்த்தும் மூன்றாவது காரணம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் புகையும் சேரும், காய்ச்சலும் பரவும். புதிய பரிசோதனைக்கூடம் திறந்தாலே பதிவாகும் நோயாளிகள் கூடுவார்கள். மாசு மிகுந்த மாவட்டத்தில் நோய் மிகுதி என்பதால், நோயுற்ற ஒவ்வொருவரும் அந்த மாசைச் சுவாசித்தவர் என்றும் ஆகிவிடாது.

முடிவை வெளியிடும்போது, தரவு எடுக்கப்பட்ட இடம், நாள், விட்டுப்போன பகுதிகள் ஆகியவற்றோடு, தொடர்பு தென்படாத வரைபடங்களையும் சேர்த்தே தர வேண்டும்.