ஸே, டெல், ராப், ஸ்டீல்: ஒத்த பொருளுள்ள ஆங்கில வினைகளில் ஒன்றைத் தேர்வது எப்படி?

ஒரே பொருள் தருவனபோல் தோன்றும் இரண்டு ஆங்கில வினைகளில் எதை எழுதுவது என்ற ஐயம் எழுந்தால், நம்மில் பெரும்பாலோர் அகராதியில் பொருளைத்தான் தேடுகிறோம். ‘ஸே’, ‘டெல்’ இரண்டுக்கும் அங்கே ‘சொல்’ என்றே இருக்கும். இத்தகைய இணைகள் பலவற்றில் வேறுபாட்டைக் காட்டுவது பொருளன்று. வினையை அடுத்து எது வந்து நிற்கிறது என்பதே. ஆகவே முதலில் அந்த இடத்தைப் பாருங்கள்.

‘டெல்’லை அடுத்துப் பெரும்பாலும் கேட்பவர் வருவார்: ‘ஹி டோல்ட் மீ’. ‘ஸே’யை அடுத்துச் சொல்லப்பட்ட செய்தி வரும்: ‘ஹி செட் தட் ஹி வாஸ் டயர்ட்’. அங்கே கேட்பவரையும் குறிப்பிட வேண்டுமானால் ‘டு’ சேர்த்து ‘ஹி செட் டு மீ’ என்று எழுத வேண்டும். ‘அவனிடம் சொன்னேன்’ என்பதிலுள்ள ‘இடம்’ என்ற உருபை விட மனமில்லாமல் ‘ஐ டோல்ட் டு ஹிம்’ என்று எழுதிவிடுவதுதான் தமிழர்கள் மிகுதியாக இடறும் இடம். ‘ஐ டோல்ட் ஹிம்’ என்பதே போதும். ‘டெல் எ லை’, ‘டெல் த ட்ரூத்’ போன்ற மரபுத்தொடர்களில் கேட்பவர் இல்லாமலும் ‘டெல்’ வரும். இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

‘ராப்’, ‘ஸ்டீல்’ இணைக்கும் இதே சோதனை பொருந்தும். வங்கியைக் கொள்ளையடித்தார்கள், நகைகளைக் கொள்ளையடித்தார்கள் என இரண்டையும் தமிழில் ஒரே வினையால் சொல்லிவிடலாம். ஆங்கிலத்திலோ பறிகொடுத்த ஆளோ இடமோ அடுத்து வந்தால் ‘ராப்’, பறிபோன பொருள் வந்தால் ‘ஸ்டீல்’. பணப்பையைப் பறிகொடுத்தவர் காவல் நிலையத்தில் ‘ஐ வாஸ் ஸ்டோலன்’ என்று எழுதிக் கொடுத்தால், அவரையே யாரோ தூக்கிக்கொண்டு போனதாகப் பொருள்படும்.

இந்த அமைப்புகளை அறியக் கற்போருக்கான அகராதியே ஏற்றது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பியும் அவருடைய சகாக்களும் தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அகராதி, ஒவ்வொரு வினையும் எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்பதையும் சேர்த்தே காட்டியது; 1948இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் அதை மறுபதிப்பாக வெளியிட்டது. இன்றைய கற்போர் அகராதிகளிலும் விளக்கத்தைவிட எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதலில் படிப்பது நல்லது.

பொருளே வேறுபடும் இணைகளுக்குத் தமிழ் வழக்கே கைகொடுக்கும். ஓசை தானாகக் காதில் விழுந்தால் ‘ஹியர்’. நாமாகக் காது கொடுத்துக் கேட்டால் ‘லிசன்’, அதன்பின் கேட்கப்படுவதைச் சொல்வதானால் இடையே ‘டு’ கட்டாயம். கண்ணில் பட்டால் ‘ஸீ’, வேண்டுமென்று பார்வையைத் திருப்பினால் ‘லுக்’, நடப்பதைத் தொடர்ந்து கவனித்தால் ‘வாட்ச்’.

விலை உயர்ந்தது, விலையை உயர்த்தினார்கள் என்ற வேறுபாட்டைப் பிழையின்றிக் கையாளும் நமக்கு ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ கடினமாக இராது. முன்னதற்குச் செயப்படுபொருள் இல்லை, பின்னதற்கு உண்டு. படுத்தலைக் குறிக்கும் ‘லை’, கிடத்துதலைக் குறிக்கும் ‘லே’ ஆகியவையும் அவ்வாறே. ஆனால் ‘லை’யின் இறந்தகாலமும் ‘லே’ என்றே இருப்பதால், ‘ஹி லே ஆன் த பெட்’ என்பது நேற்று அவர் கட்டிலில் படுத்திருந்ததையே சொல்லும். குழந்தையைக் கட்டிலில் கிடத்தியிருந்தால் ‘ஹி லெய்ட் த பேபி ஆன் த பெட்’ என்று எழுத வேண்டும்.