மலைச்சரிவில் பழைய கடல்மட்டத்தைக் கணக்கிடுவது எப்படி?

பப்புவா நியூகினியின் வடகிழக்கில் ஹுவோன் தீபகற்பம் இருக்கிறது. அதன் கரையோரம் கடலிலிருந்து மலைவரை பெரிய பெரிய படிகளாக ஏறுகிறது. மேலே உள்ள படிகள் 600 மீட்டருக்கும் அதிக உயரத்தில் நிற்கின்றன. எல்லாமே ஒரு காலத்தில் கடலுக்குள் வளர்ந்த பவளத்திட்டுகள்.

இவை எப்படி வந்தன? புவித்தட்டுகள் மோதும் இடம் என்பதால் அங்கே நிலம் உயர்ந்துகொண்டே போகிறது. கடலோ பனியுகம் வந்தால் இறங்கும், பனி உருகினால் ஏறும். கடல் ஏறி வரும் காலத்தில் கரையை ஒட்டி ஒரு திட்டு வளர்கிறது. கடல் இறங்கியதும் அது வெளியே வந்துவிடுகிறது. கடல் மறுபடி ஏறி வருவதற்குள் நிலம் அந்தத் திட்டை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோயிருக்கும். அதனால் புதிய திட்டு அதற்குக் கீழே வளரும்.

நிலம் எவ்வளவு வேகமாக உயர்ந்தது, கடல் எவ்வளவு இறங்கியிருந்தது என்ற இரண்டையும் இந்தப் படிகளிலிருந்தே கணக்குப் போடலாம். பள்ளிக்கூடக் கணக்கு போதும்.

1. உயரத்தை அளவெடுங்கள்

கூகுள் எர்த் ப்ரோ என்ற கணினி மென்பொருளில், ஹுவோன் கரையிலுள்ள சியாலும் என்ற ஊருக்கு அருகே போங்கள். அங்குள்ள படிகள் பெரும்பாலும் புல்வெளி; காடு மறைக்காததால் விளிம்புகள் நன்றாகத் தெரியும். கடலோரத்திலிருந்து மலைப்பக்கமாக, கரைக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரையுங்கள். கோட்டின்மேல் வலது கிளிக் செய்தால் உயர வரைபடத்தைக் காட்டும் வசதி வரும். அதில் தட்டையாக ஓடி, திடீரென்று ஏறும் இடங்களெல்லாம் படிகள். உயரத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். அதனால் பக்கத்திலேயே இன்னும் இரண்டு மூன்று கோடுகள் வரைந்து ஒப்பிடுங்கள்.

2. சரியான புள்ளியைப் பிடியுங்கள்

புதிதாகப் பழகுகிறவர்கள் படியின் நடுவில் அளந்துவிடுவார்கள். பவளப் படியில் கடல்பக்க விளிம்புதான் முக்கியம். அது பழைய திட்டின் உச்சி. கடல்மட்டத்தை ஒட்டியே வளர்ந்த பகுதி. அதற்குப் பின்னால் இருக்கும் பள்ளம் பழைய காயல். அங்கே அளந்தால் உயரம் குறைவாக வரும்.

3. வயதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைக் கணினியில் பார்க்க முடியாது, ஆய்வகம் வேண்டும். உயிருள்ள பவளம் கடல்நீரிலிருந்து யுரேனியத்தை எடுத்துக்கொள்கிறது, தோரியத்தை அநேகமாக எடுப்பதே இல்லை. பின்னால் யுரேனியம் சிதைந்து தோரியம் சேரச் சேர, அந்த விகிதமே வயதைச் சொல்லும். சுமார் 5 லட்சம் ஆண்டுகள்வரை இந்த முறை செல்லும். ஆனால் மழைநீர் ஊறிப் பவளம் கால்சைட் என்ற வேறு கனிமமாக மாறியிருந்தால் அந்த மாதிரியை நம்பக்கூடாது.

புவியியல் ஆய்வாளர் ஜான் சாப்பெல் 1974இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் படிகளுக்கு ரோமன் எண்கள் கொடுத்தார். அதில் ஏழாம் எண் படி சுமார் 1,25,000 ஆண்டு பழையது. நமக்குத் தேவையான படி இதுதான். அந்தக் காலத்துக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 6 முதல் 9 மீட்டர் உயரம் என்று உலகின் பல கரைகளிலிருந்து தெரியும்.

4. நிலத்தின் வேகம்

இன்றைய உயரத்திலிருந்து அன்றைய கடல்மட்டத்தைக் கழித்து, வயதால் வகுக்க வேண்டும். பயிற்சிக்காக, உங்கள் கோட்டில் அந்தப் படி 206 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அன்றைய கடல்மட்டத்துக்கு 6 மீட்டரையே எடுத்துக்கொண்டால், 206 கழித்தல் 6, அதாவது 200 மீட்டர். 1,25,000 ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு 1.6 மில்லிமீட்டர். கரையோரமாக நகர்ந்து இன்னொரு கோட்டில் இதே படியை அளந்தால் வேறு வேகம் வரும். அது உங்கள் தவறல்ல. ஒரே படி தென்கிழக்கே போகப் போக உயர்ந்துகொண்டே போகிறது. அந்தப் பக்கம் நிலம் வேகமாக ஏறியிருக்கிறது.

5. இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அதே கோட்டில், கீழே 30 மீட்டரில் 50,000 ஆண்டு பழைய படி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1.6 மில்லிமீட்டர் வேகத்தில் நிலம் அதை 80 மீட்டர் தூக்கியிருக்க வேண்டும். ஆனால் அது நிற்பதோ 30 மீட்டரில். அப்படியானால் அது வளர்ந்தபோது கடல் இன்றைக்கு இருப்பதைவிட 50 மீட்டர் கீழே இருந்திருக்கிறது! உயராத கரைகளில் இந்தத் திட்டு இன்னும் கடலடியில் கிடக்கும். ஹுவோன் வேகமாக உயர்வதால்தான் பனியுகத்துக் கடற்கரைகள் நம் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்திருக்கின்றன.

இந்தக் கணக்கு முழுவதும் நிலம் ஒரே சீராக உயர்ந்தது என்ற அனுமானத்தில் நிற்கிறது. உண்மையில் அது நிலநடுக்கத்தின்போது ஒரே அடியாகவும் உயரும். 2004 டிசம்பர் 26 அன்று வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்து, பவளத்திட்டுகள் வெளியே தெரிந்து காய்ந்துபோயின. அதே நாளில் பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை தாழ்ந்துபோனது. ஆகவே 1.6 மில்லிமீட்டர் என்பது நீண்டகாலச் சராசரி மட்டுமே. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு அது பொருந்தும், ஒரு நூற்றாண்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

அடுத்த பயிற்சிக்கு கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் கரையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே இருப்பவை அலை வெட்டிய பாறைப் படிகள். அவற்றில் அளக்க வேண்டியது கடல்பக்க விளிம்பை அல்ல, பின்னால் நிற்கும் பழைய செங்குத்துச் சரிவின் அடியை. அன்றைய அலை வந்து மோதிய மூலை அதுதான். மேலிருந்து சரிந்த மண் அந்த மூலையை மூடியிருக்கும். அதனால் திரையில் தெரியும் உயரத்தைவிட அசல் மூலை சில மீட்டர் கீழே இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.