அலுமினிய லாரி வீலில் முகம் பார்க்கும்படி மெருகேற்ற

நல்ல பாலிஷ் கட்டி எங்கே கிடைக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த வேலையில் முக்கால் பங்கு வாட்டர் பேப்பரிலேயே (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) முடிந்துவிடும், பாலிஷ் கடைசியில் கொஞ்ச நேரம்தான்.

முதலில் வீல் ஆறட்டும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் பிரேக் பிடித்தபடி இறங்கிய வண்டி என்றால் தொடக்கூடப் போகாதீர்கள். ஆறியதும் ஷாம்பு போட்டுக் கழுவினால் போதும். ஆசிட், காஸ்டிக் சோடா இரண்டும் அலுமினியத்தை அரிக்கும். சீக்கிரம் அழுக்குப் போகட்டும் என்று பாத்ரூம் ஆசிடை ஊற்றி, வீல் முழுக்க வெள்ளை பூத்து, ஒரு நாள் வேலையை மூன்று நாளாக்கிக்கொண்டவன் நான்.

அப்புறம் ஒரு ஓரத்தில் துளி பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் வெறும் உலோகம். கறுக்காவிட்டால் மேலே கோட்டிங் இருக்கிறது, கையுறை போட்டுக்கொண்டு பெயின்ட் ரிமூவரால் அதை எடுத்த பிறகே பேப்பர்.

ஆழமான கீறல் இருந்தால் 320 நம்பர் பேப்பர் (நம்பர் ஏற ஏற பேப்பர் நைசாகும்), இல்லையென்றால் 400-ல் ஆரம்பித்து 600, 800, 1000, 1500, 2000 என்று போக வேண்டும். பக்கெட் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு நனைத்து நனைத்துத் தேயுங்கள். 400-ஐ இடவலமாக ஓட்டினால் 600-ஐ மேலும் கீழுமாக ஓட்டுங்கள், அப்போதுதான் பழைய கோடு ஒன்று மிச்சம் இருந்தாலும் குறுக்கே தெரியும். அது போகும்வரை அடுத்த நம்பருக்குத் தாவாதீர்கள். 400-லிருந்து நேராக 1000-க்குப் போனால் தேய்க்கும்போது ஒன்றும் தெரியாது, பாலிஷ் போட்டு வெயிலில் நிறுத்தியதும் எல்லாக் கோடும் எழுந்து நிற்கும். ஒவ்வொரு நம்பருக்கும் நடுவே கழுவிவிடுங்கள். நட்டு உட்காரும் இடத்தையும் ஹப்போடு (வண்டியில் வீலை மாட்டும் நடுப்பகுதி) சேரும் முகத்தையும் தேய்க்கவே வேண்டாம். வெடிப்பு கண்ணில் பட்டால் வேலையை அதோடு நிறுத்திவிட்டு வீலை மாற்றுங்கள்.

இரும்பு தேய்த்த பேப்பரும் டிஸ்க்கும் இதில் படக் கூடாது, இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு பிறகு துருக்கறை வரும். காய்ந்த அலுமினியத் தூள் தீப்பிடிக்கும், அதனால் வெல்டிங் நடக்கும் பட்டறையில் இந்த வேலை ஆகாது. மாஸ்க்கும் கண்ணாடியும் கட்டாயம்.

மெஷினில் சுழலவிட்டுப் பளபளப்பாக்கும் பஃப்பிங்குக்குத் துணியாலான காட்டன் வீல். முதலில் பிரவுன் பாலிஷ் கட்டி, பிறகு வேறு காட்டன் வீலில் வெள்ளைக் கட்டி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மெருகு போடுகிறவர்களைப் பார்த்தால் தெரியும், ஒரே இடத்தில் வைத்து அழுத்தவே மாட்டார்கள். அழுத்தினால் சூடேறி, கட்டி கறுப்பாக அப்பிக்கொள்ளும். மிஞ்சும் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்குக்கு மைதா மாவைத் தூவி மெல்லிய துணியால் துடையுங்கள், சிரிக்காதீர்கள், நன்றாகவே எடுக்கும். (சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் என்ற தாதுவில்தான் மேட்டூரில் அலுமினியம் காய்ச்சினார்கள் என்று எங்கள் கிளீனர் பையனிடம் சொன்னேன், இதற்கும் சிரித்தான்.)

கடைசியாக ஒரு கோட் வாக்ஸ், இல்லாவிட்டால் காற்று பட்டுப் பட்டு மங்கிவிடும். வீலைக் கழற்றி மாட்டியிருந்தால் 80-லிருந்து 160 கிலோமீட்டருக்குள் வண்டியை ஓரம்கட்டி நட்டுகளை டார்க் ரெஞ்ச் (சரியான அளவு இறுக்கம் பார்க்கும் ஸ்பேனர்) வைத்து மறுபடி பாருங்கள்.