ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரை எப்படிப் பார்த்துக்கொள்வது

கேரள எல்லையில் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் யாராவது "ஏதோ பண்ணிக்கிட்டாங்க" என்று சேதி வந்தால் ஊரே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறது, பிழைத்து வீடு வந்ததும் ஒரே வாரத்தில் எல்லோரும் ஏலக்காட்டுக்கு ஜீப் ஏறிவிடுகிறோம். அந்த வீட்டுக்கு நாம் தேவைப்படுவதே அதற்குப் பிறகுதான். ஒருமுறை தற்கொலைக்கு முயன்றவர் மறுபடி முயலும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், அதிலும் வீடு திரும்பிய முதல் சில மாதங்களில் ரொம்பக் கவனம் வேண்டும்.

முயல்பவர்களில் இளவயதினரும் பெண்களும் அதிகம், உயிரிழப்பவர்களில் ஆண்கள் அதிகம். அதனால் "சும்மா மிரட்டுறா" என்று எந்தப் பெண்ணையும் தள்ளாதீர்கள், "ஆம்பள, தாங்கிக்குவான்" என்றும் விடாதீர்கள். மனச்சோர்வு, குடி, தீராத வலி, கடன், வீட்டுச் சண்டை, பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்துதான் ஆளை அமுக்கும். எல்லோருக்கும் நாள்பட்ட மனநோய் இருக்கும் என்றும் இல்லை, கோபத்தில் அந்த நிமிஷத்தில் முடிவெடுப்பவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். ஆகவே முதல் வேலை, தோட்டத்துப் பூச்சிமருந்தையும் வீட்டு மாத்திரைகளையும் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுப்பது. அந்த வேகம் தணிய நேரம் கிடைத்தாலே பல உயிர் தப்பும்.

போலீசுக்குப் பயந்து டாக்டரிடம் பொய் சொல்ல வேண்டாம். 2017 மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவுப்படி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொண்டு, தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், இன்றைக்குக் கோட்டயம், நாளைக்குத் தேனி என்று எல்லை மாறி ஆஸ்பத்திரி போகிறவர்கள் நாம், அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அடுத்த டாக்டர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நர்ஸ் மலையாளத்தில் சொன்னது புரியவில்லையா, கூச்சப்படாமல் மறுபடி கேளுங்கள்.

அப்புறம், போய்ப் பாருங்கள். சென்னை உட்பட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடம் ஒரு மணி நேரம் பேசி அனுப்பிவிட்டு 18 மாதங்களில் 9 முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள், அவ்வளவுதான். அப்படி விசாரிக்கப்பட்டவர்களில் 2 பேர் தற்கொலையால் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற ஏறக்குறைய அதே எண்ணிக்கையினரில் 18 பேர். 2008இல் இதைப் படித்ததிலிருந்து நான் யாரையும் "அவங்க வீட்டு விஷயம்" என்று விடுவதில்லை.

"மறுபடி அந்த எண்ணம் வருதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் இல்லாத எண்ணம் வராது. வருகிறது என்றால் தனியாக விடாமல், பக்கத்தில் உட்கார்ந்தே அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் போடுங்கள், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 108.

முதல் தடவை அவர் வாயே திறக்கமாட்டார், சரி, பரவாயில்லை. காரணத்தைத் துருவாமல் ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்புங்கள், சொன்ன ஞாயிறு மழையானாலும் போய் நில்லுங்கள்.