80ஸ்ல அமெரிக்காவுல வளர்ந்தவங்க வீட்டு பழைய கேசட், வீடியோ டேப்பை எல்லாம் காப்பாத்துறது எப்படி

போன வருஷம் ஒஹையோல, க்ளீவ்லாண்ட் பக்கத்துல இருக்கற எங்க பழைய வீட்டை விக்கறதுக்காக போயிருந்தேன். பேஸ்மென்ட்ல வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி மூணு அட்டைப்பெட்டி. ஒண்ணுல ஆடியோ கேசட், ஒண்ணுல விஎச்எஸ் டேப், இன்னொண்ணுல ஸ்லைடும் ஆல்பமும். திருச்சில இருந்து 1979ல அங்க போகும்போது எனக்கு ஆறு வயசு, அக்காவுக்கு ஒன்பது. காலேஜுக்கு நான் இங்க திரும்பி வந்துட்டேன், அப்படியே சென்னைல செட்டில் ஆயிட்டேன். நடுவுல இருந்த அந்த பதினொரு வருஷம் முழுக்க அந்த மூணு பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. அதை டிஜிட்டலா மாத்தி முடிக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு. உங்க வீட்டுலயோ, அமெரிக்கால இருக்கற சித்தி பெரியம்மா வீட்டுலயோ இப்படி பெட்டி இருந்தா தள்ளிப் போடாதீங்க. டேப் பழசாயிட்டே இருக்கு, ஓட்டிப் பாக்க மெஷினும் இல்ல. கடைசியா விசிஆர் செஞ்சுட்டு இருந்த ஃபுனாய் கம்பெனியே 2016ல நிறுத்திடுச்சு.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், இதை மட்டும் மறக்காதீங்க. டேப்ல இருந்து எதையும் வெட்டாதீங்க. பாட்டுக்கு நடுவுல ரேடியோக்காரர் பேசறது, கார்ட்டூனுக்கு நடுவுல வர்ற விளம்பரம், யாரோ இருமறது, ஃபோன் அடிக்கறது, எதையுமே. அந்த கார்ட்டூனும் அந்த பாட்டும் இன்னைக்கு நெட்ல நல்ல குவாலிட்டில கிடைக்குது. உங்க வீட்டு ஃபோன் அடிச்ச சத்தம் எங்கயும் கிடைக்காது.

சரி, பெட்டியை எடுத்த உடனே ப்ளேயர்ல போட்டுடாதீங்க. பேஸ்மென்ட் எப்பவும் குளிர்ச்சியா ஈரமா இருக்கும், அங்க இருந்து சூடான ரூமுக்கு வந்தா டேப் மேல ஈரம் படியும், அதனால ஒரு நாள் முழுக்க ரூம்ல சும்மா வைங்க. அப்புறம் டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா பாருங்க. விஎச்எஸ் டேப்ல ஜன்னல் மாதிரி இருக்கற பக்கமா சுருளைப் பாத்தா வெள்ளையா மாவு தூவின மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. அதை தனியா கவர்ல போட்டு ஒதுக்குங்க, ஓட்டவே கூடாது, ஓட்டினா மெஷின் ஹெட்ல ஒட்டி அடுத்து போடற டேப்புக்கும் பரவும். அந்த மாதிரி டேப்பை சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்டதான் குடுக்கணும், மூக்குல மாஸ்க் போடாம கையால தொடவும் வேணாம். எங்க பெட்டில நாலு டேப் அப்படி போயிருந்துச்சு.

அடுத்து கேசட் மேல் விளிம்புல ரெண்டு ஓரத்துலயும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும் பாருங்க, அதை உடைச்சு எடுத்துடுங்க. அது இல்லாட்டி ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. விஎச்எஸ்லயும் முதுகுப் பக்கம் ஒண்ணு இருக்கும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்க அப்பாயி திருச்சில இருந்து பேசி அனுப்பின ஒரு டேப் மேல 1987ல அக்கா ரேடியோ பாட்டை ரெக்கார்ட் பண்ணிட்டா. அவளுக்கு அப்ப 17 வயசு, அவ மேல தப்பு ஒண்ணும் இல்ல, கைல கிடைச்ச டேப்பை எடுத்துருக்கா. பாட்டு முடிஞ்சு கடைசில அப்பாயி குரல் பதினோரு செகண்ட் மிச்சம் இருக்கு. "நெய் அனுப்பிருக்கேன், வெயில்ல வைக்காத"ன்னு சொல்லிட்டு நின்னுடுது.

இப்ப ஆடியோ கேசட். இதைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நம்ம குடும்பங்கள்ல உண்மையான பொக்கிஷம் இதுலதான் இருக்கு. அப்பல்லாம் இந்தியாவுக்கு ஃபோன் பண்றது பெரிய செலவு, தீபாவளிக்கு ஒரு தடவை அப்பா கத்திக் கத்திப் பேசுவார், மூணு நிமிஷத்துல வெச்சுடுவார். லெட்டர் போட்டு போய்ச் சேர ரெண்டு வாரம். அதனால மாசம் ஒரு தடவை அம்மா கிச்சன் டேபிள் மேல ரேடியோ ஷாக்ல வாங்கின தட்டையான டேப் ரெக்கார்டரை வெச்சு எங்க எல்லாரையும் சுத்தி உக்கார வெச்சு பேச வைப்பாங்க. (ரேடியோ ஷாக்ல ஒரு கார்டு குடுப்பாங்க, மாசம் ஒரு பேட்டரி ஃப்ரீ, அதுக்காகவே நானும் அப்பாவும் சனிக்கிழமை தவறாம போவோம்.) ஏ சைடுல நாங்க பேசி ஊருக்குப் போற யார்கிட்டயாவது குடுத்து விடுவோம், பி சைடுல அப்பாயி பேசி திருப்பி அனுப்புவாங்க. அதனாலதான் நாங்க அனுப்பினதும் எங்ககிட்டயே திரும்பி வந்து பத்திரமா இருக்கு.

ப்ளேயருக்கு ஆன்லைன்ல கிடைக்கற மலிவான யுஎஸ்பி கேசட் ப்ளேயர் வாங்காதீங்க, வேகம் சீரா இருக்காது, குரல் அலையடிக்கும். யார் வீட்டுலயாவது பழைய டெக் இருக்கும், அல்லது பழசு வாங்கி ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுத்து பெல்ட் மட்டும் புதுசா மாத்திக்குங்க, போதும். கேசட் உலகம் பூரா ஒரே வேகம்தான், அதனால அமெரிக்க டேப் சென்னை டெக்குல நல்லாவே பாடும். ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல நனைச்ச காது பட்ஸால துடைங்க, பழுப்பா அழுக்கு வரும், வராத வரைக்கும் துடைங்க. டேப்பைப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா ஃபார்வர்ட் பண்ணி திரும்ப ரிவைண்ட் பண்ணுங்க, வருஷக்கணக்கா ஒட்டிக் கிடந்தது இளகும். சிக்கினா பழைய வழிதான், ஆறு பக்கம் இருக்கற பென்சிலை ஓட்டைல விட்டு கையால சுத்தணும். டேப்புக்கு அடில சின்ன பஞ்சுத்துண்டு இருக்கும், அது விழுந்துருந்தா சத்தம் மங்கலா வரும், அப்ப ஸ்க்ரூ போட்ட ஒரு காலி கேசட்டைத் திறந்து அதுக்குள்ள இந்த சுருளை மாத்தி வெச்சுடலாம், பத்து நிமிஷ வேலை, கை நடுங்காம பண்ணுங்க.

டெக்கோட லைன் அவுட்ல இருந்து கம்ப்யூட்டருக்கு வயர் குடுத்து ஆடாசிட்டிங்கற சாஃப்ட்வேர்ல ரெக்கார்ட் பண்ணுங்க, ஃப்ரீதான். எம்பி3 வேணாம், வேவ் ஃபைலா சேவ் பண்ணுங்க. நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி ஆகும், ஒரு மணி நேர கேசட் 600 எம்பிக்கு மேல வரும், இன்னைக்கு அது ஒண்ணும் பெரிய இடம் இல்ல. இரைச்சலைக் குறைக்கற பட்டனை மட்டும் ஒரிஜினல் ஃபைல்ல தொடாதீங்க. வேணும்னா ஒரு காப்பி எடுத்து அதுல பண்ணிக்குங்க. இரைச்சல்னு கம்ப்யூட்டர் நினைச்சு அழிக்கறதுல பாதி உங்க வீடு.

எங்க வீட்டு 1982 டேப் ஒண்ணை மட்டும் சொல்றேன். அம்மா அப்பாயிகிட்ட விலைவாசி சொல்லிட்டு இருக்காங்க, கத்திரிக்காய் கிடைக்குது ஆனா பெருசு பெருசா இருக்கு, ருசி இல்லைங்கறாங்க. அப்புறம் என்னைப் பேசச் சொல்றாங்க. நான் பனி மனுஷன் செஞ்ச கதையை பாதி தமிழ் பாதி இங்கிலீஷ்ல சொல்றேன், மூக்குக்கு வெச்ச கேரட்டை அணில் தின்னுடுச்சுன்னு. பின்னாடி டிவில ஏதோ சீரியல் விளம்பரம், சாப்பிடற சீரியல், அந்த டியூன் கேட்டதும் எனக்கு மஞ்சள் டப்பாவும் பால்ல கலர் கரையறதும் அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. கதவு மணி அடிக்குது. எதிர் வீட்டுப் பையன், நான் விளையாட வர்றேனான்னு கேக்கறான். நாற்காலி தள்ளற சத்தம், ஸிப் போடற சத்தம், அம்மா கத்தறாங்க: "தெரு லைட் எரியறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்!" அந்தத் தெருவுல எல்லா பசங்களுக்கும் அதுதான் சட்டம். எங்க இருக்கோம்னு யாருக்கும் தெரியாது, யாரும் கேக்க மாட்டாங்க, லைட் மினுக் மினுக்குன்னு எரிய ஆரம்பிச்சதும் நாலு பக்கம் இருந்தும் சைக்கிள் வீடு திரும்பும். அப்புறம் டேப்ல கதவு சாத்தற சத்தம், அம்மா திரும்பி வந்து, "போயிட்டான் அத்தை, கால்ல சக்கரம்"னு சொல்றாங்க.

விஎச்எஸ்ல வேற ஒரு சிக்கல் இருக்கு, இந்தியாவுல இருக்கறவங்க கவனமா படிங்க. அமெரிக்க டேப் என்டிஎஸ்சிங்கற டிவி சிஸ்டம், 525 லைன். நம்ம ஊர் பிஏஎல், 625 லைன். இங்க இருக்கற சாதாரண விசிஆர்ல அந்த டேப்பைப் போட்டா கருப்பு வெள்ளையா ஓடும், இல்ல படமே உருளும். டேப் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு தூக்கிப் போட்டவங்களை எனக்குத் தெரியும், மனசு வலிக்குது. டேப்ல ஒரு குறையும் இல்ல. மல்டி சிஸ்டம் விசிஆர் தேடுங்க, அல்லது நான் பண்ணின மாதிரி அமெரிக்காவுலயே ஒரு பழைய விசிஆர் வாங்கி அங்கயே முடிச்சுட்டு ஃபைலை மட்டும் கொண்டு வாங்க. அந்த விசிஆரை இங்க கொண்டு வந்து நேரா ப்ளக்ல சொருகினா புகைஞ்சுடும், அது 120 வோல்ட்டுக்கு செஞ்சது.

நடுத்தரக் குடும்பம் எல்லாமே டேப்பை சிக்கனமாத்தான் பயன்படுத்துச்சு. டி-120 டேப்ல நல்ல குவாலிட்டில 2 மணி நேரம் பிடிக்கலாம், வேகத்தைக் குறைச்சா 6 மணி நேரம். எங்க அப்பா ஒரு தடவை கூட 2 மணி நேர வேகத்துல பிடிச்சதில்ல. இப்படி மெதுவா பிடிச்ச டேப் வேற மெஷின்ல போட்டா கோடு கோடா வரும். ட்ராக்கிங் குமிழைப் பொறுமையா திருகுங்க, சரியா வரலேன்னா வேற விசிஆர்ல போட்டுப் பாருங்க, மூணாவது மெஷின்ல பளிச்சுன்னு வந்த டேப் எங்ககிட்ட உண்டு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்ல, வீடியோவை கம்ப்யூட்டர் ஃபைலா மாத்தற ஒரு கேப்சர் கார்டுக்கு குடுங்க, எஸ்-வீடியோ இருந்தா மஞ்சளுக்குப் பதிலா அது இன்னும் நல்லது. 720க்கு 480 சைஸ்ல எடுங்க, அகலமான டிவிக்காக இழுத்து குண்டாக்காதீங்க. ஆறு மணி நேர டேப்னா ஆறு மணி நேரம்தான், ஓட்டிட்டு சமைக்கப் போங்க, ஆனா காது அங்கயே இருக்கட்டும்.

அப்படி சமைச்சுட்டு இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை கார்ட்டூன் சட்டுன்னு அறுந்து அப்போதைய ஜனாதிபதி ரீகன் பேச ஆரம்பிச்சார். 1986 ஜனவரி 28, சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடிச்ச அன்னிக்கு சாயந்திரம். அன்னிக்கு காலைல எங்க ஏழாம் க்ளாஸ்ல டிவியை சக்கரம் வெச்ச ஸ்டாண்ட்ல தள்ளிட்டு வந்து வெச்சுருந்தாங்க, கிறிஸ்டா மெக்காலிஃப்னு ஒரு டீச்சர் அதுல போறாங்கங்கறதால பல ஸ்கூல்ல நேரலையா பாத்தாங்க. கிளம்பி 73 செகண்ட். எங்க டீச்சர் எழுந்து டிவியை அணைக்கல, அப்படியே உக்காந்துட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் அப்பா கைல கிடைச்ச டேப்பை, அதாவது எங்க கார்ட்டூன் டேப்பை எடுத்து, நியூஸைப் பிடிச்சுருக்கார். நாப்பது நிமிஷம் கழிச்சு மறுபடி கார்ட்டூன் வருது, தானிய டப்பா விளம்பரம், பொம்மை விளம்பரம், எதுவுமே நடக்காத மாதிரி. அந்த வரிசையைக் கலைக்காதீங்க. கார்ட்டூனைத் தனி ஃபைல் நியூஸைத் தனி ஃபைல்னு பிரிச்சா அந்த வாரம் எங்க வீடு எப்படி இருந்துச்சுன்னு தெரியாமலே போயிடும்.

ஸ்லைடும் போட்டோவும் சுலபம். கோடாக்ரோம் ஸ்லைடை இருட்டுல வெச்சுருந்தா கலர் இன்னும் அப்படியே நிக்கும், ப்ரொஜெக்டர்ல திரும்பத் திரும்ப காட்டினதுதான் வெளிறும், அதனால ஆசையா இருந்தாலும் மறுபடி சுவர்ல ஓட்டாம ஸ்கேன் பண்ணுங்க. பிட்ஸ்பர்க் பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குப் போன ஸ்லைடுல ஸ்டேஷன் வேகனோட பின் சீட்டு, பின்னாடி பாத்து உக்கார்ற சீட்டு, அதுல நானும் அக்காவும் மடில புளியோதரைத் தட்டோட, சிவப்பு கொஞ்சமும் மங்கல. ஆல்பம் ஒட்டற பக்கம் உள்ளதா இருந்தா போட்டோவை நகத்தால பிய்க்காதீங்க, பல் இடுக்கு சுத்தம் பண்ற நூலை அடில விட்டு ரம்பம் மாதிரி மெதுவா இழுத்தா வந்துடும்.

தேதி எழுதாத டேப்புக்கு தேதி கண்டுபிடிக்க விளம்பரமும் ரேடியோவும்தான் துணை. வெட்டாதீங்கன்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். ருசியை மாத்தி விட்ட புது கோக் வந்தாச்சுன்னு விளம்பரம் வந்தா அது 1985 ஏப்ரல் 23க்கு அப்புறம், பழைய கோக் கிளாசிக்னு திரும்பி வந்தது அதே ஜூலை 11ல, ஆக பெரும்பாலும் அந்த 79 நாளுக்குள்ள சுருக்கிடலாம். ரேடியோல டாப் 40 வரிசை சொல்லி எந்தப் பாட்டு எத்தனாவதுன்னு கேட்டா, பில்போர்டு பத்திரிகை வாராவாரம் போட்ட பாட்டு லிஸ்ட்டோட ஒத்துப் பாத்து வாரத்தையே கண்டுபிடிச்சுடலாம். கோடாக் லேப்ல கழுவின ஸ்லைடு அட்டைல மாசமும் வருஷமும் அச்சாகியிருக்கும், ஆனா அது கழுவின தேதி. எங்க அப்பா ரோல் முடியற வரைக்கும் கேமராவுல இருந்து எடுக்க மாட்டார், அதனால ஆகஸ்ட்னு போட்ட ஸ்லைடுல பனி இருக்கும்.

முடிஞ்சதும் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல போடுங்க, ஒண்ணு உங்க வீட்டுல, இன்னொண்ணு வேற ஊர்ல. ஒரிஜினல் டேப்பைத் தூக்கிப் போடாதீங்க, நிமிர்த்தி நிக்க வெச்சு காய்ஞ்ச இடத்துல வைங்க.

கடைசி வேலை, ஆனா சீக்கிரமா செய்ய வேண்டியது இதுதான்: பெரியவங்களை உக்கார வெச்சு கேக்க வைங்க, அவங்க சொல்றதை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக்குங்க. நம்மளுக்கு ஆறு வயசுல புரியாத பேரும் உறவும் அவங்களுக்குத்தான் தெரியும். எங்க அம்மாவுக்கு இப்ப 80 ஆகுது, போன மாசம் ஹெட்ஃபோன் மாட்டி விட்டு அந்த 1982 டேப்பைப் போட்டேன். தன் குரலைக் கேட்டு லேசா சிரிச்சாங்க, கத்திரிக்காய்க்கு தலையாட்டினாங்க. நான் விளையாடப் போனதுக்கு அப்புறம் ஒரு இடத்துல டொக்குன்னு ஒரு சத்தம் வரும், கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. ரெக்கார்டர் ஆடிருக்கும்னு நினைச்சு நான் நோட்ல "கோளாறு"ன்னு எழுதி வெச்சுருந்தேன். அம்மா கையைத் தூக்கி என்னை நிறுத்தச் சொன்னாங்க. பின்னாடி போ, பின்னாடி போன்னாங்க. ரெண்டு தடவை கேட்டுட்டு, "பேஸ்மென்ட் மாடிப்படிடா, மூணாவது படி, ஆணி தளர்ந்து இருந்துச்சு. அப்பா மேல வர்றார், காபி கேக்க"ன்னாங்க.

அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. ஃபைல் குறிப்புல கோளாறுங்கறதை அடிச்சுட்டு நிமிஷமும் செகண்டும் போட்டு அதை எழுதி வெச்சுட்டேன்: 27.14, அப்பா படியேறி வர்றார்.