மகளிர் சேவைச் சங்கங்கள் எங்கே சறுக்குகின்றன?

எந்த மகளிர் சேவைச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பிரித்தாலும் முதலில் ஒரு பட்டியல் வந்துவிடும்: இத்தனை தையல் மெஷின், இத்தனை பெட்டி நாப்கின், இத்தனை மருத்துவ முகாம், ஆட்சியரிடம் இத்தனை மனு. கொடுத்தது அத்தனையும் கணக்கில் இருக்கும். கொடுத்த பிறகு அது என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு பத்திகூட இருக்காது. கைக்காசைப் போட்டு, வீட்டு வேலையை ஒதுக்கிவைத்துப் பெண்கள் செய்யும் சேவை இப்படிப் பட்டியலோடு நின்றுபோவதைக் கம்பம், போடி, குமுளி வட்டாரத்தில் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். இங்கே தமிழ்நாடு–கேரள மாநில எல்லை வேறு குறுக்கே ஓடுவதால், உள்மாவட்டங்களில் நேராத சில தவறுகளும் சேர்ந்துகொள்கின்றன.

முதலில் நேரத்தை எடுத்துக்கொள்வோம். பொழுது விடிவதற்கு முன்பே தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து ஜீப்புகள் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக மலையேறத் தொடங்கிவிடுகின்றன. கேரளத்தின் வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். திரும்பி வீடு சேர இருட்டிவிடும். இவர்களுக்காகத்தான் முகாம் என்று சங்கம் சொல்கிறது. முகாம் நடப்பதோ புதன்கிழமை காலை பத்து மணிக்கு, திருமண மண்டபத்தில். நாற்காலி நிறைந்துவிடும். தோட்டத்துக்குப் போகிறவர்களில் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். கூட்டம் வந்ததா என்று மட்டும் பார்த்தால் இந்தத் தவறு கடைசிவரை தெரியாது. யார் வரவில்லை என்று கேட்டால்தான் தெரியும்.

தையல் மெஷின் கதையும் இதே வகைதான். தேனி மாவட்டத்துக் கூடலூர் அருகே ஒரு வீட்டில் பார்த்தேன். சங்கத்தின் பெயரை மஞ்சள் பெயிண்டில் எழுதிய மெஷின் நடுவீட்டில் நிற்கிறது. மேலே டிவி. கீழே பெடல்மீது நனைந்த ரப்பர் செருப்பு காய்கிறது. “தைக்கத் தெரியுமா என்று யாருமே கேட்கவில்லை மேடம். பேரைப் படித்தார்கள், போய் வாங்கிக்கொண்டேன்” என்றார் அந்த வீட்டு அக்கா. தெரிந்திருந்தாலும் எப்போது தைப்பார்? ஐந்து மணிக்கு ஜீப் ஏறுகிறவர் அவர். வேறு என்ன உதவி வேண்டும் என்று கேட்டபோது ஒரே பதில்தான் வந்தது: “தோட்டத்தில் ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லுங்கள்.” ஏலச்செடித் தூரில் நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் காய் எடுக்கிற பெண்கள், ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். மூத்திரக் கடுப்பும் நீர்த்தாரைத் தொற்றும் அதன் தொடர்ச்சி. முகாமுக்கு வரும் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுப்பார். காரணம் அப்படியே மலைமேல் இருக்கும்.

சங்கங்கள் தடுமாறும் பெரிய இடமே இதுதான் என்பேன். அந்த அக்கா கேட்டது தானம் அல்ல. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், குறைந்தது 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களில் குடிநீரையும் கழிப்பறையையும் முதலாளியின் பொறுப்பாக வைத்தது. 50 பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அந்தச் சட்டம் போய்விட்டது. ஆகவே மனுவில் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை அப்படியே எழுதித் தருவதும் இனி ஒரு தவறு. ஆனால் அதைவிடப் பெரிய தவறு, முதலாளி செய்யவேண்டியதைச் சங்கம் தன் தலையில் ஏற்றிக்கொள்வது. தோட்டத்துக்குச் சங்கம் தண்ணீர் ஃபில்டர் வாங்கிக் கொடுத்தால் முதலாளி மகிழ்ச்சியோடு ரிப்பன் வெட்ட வருவார். வராமல் என்ன செய்வார், செலவு மிச்சம்! சிறு தோட்டங்களின் நிலை வேறு. சட்டத்தின் வரம்புக்குள் வராத அத்தகைய இடங்களில் பொதுக் கழிப்பறைக்குப் பஞ்சாயத்தைத்தான் பிடிக்கவேண்டும்.

எந்தப் பஞ்சாயத்தை? எல்லைப்புறத்தில் மனுக்கள் காணாமல் போவது இந்தக் கேள்வியில்தான்.

பெண்கள் குடியிருப்பது தேனி மாவட்டத்தில், வேலை செய்வது இடுக்கி மாவட்டத்தில். சங்கமும் தேனியில் இருக்கிறது. எனவே திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் தேனி ஆட்சியரிடம் மனு போகிறது. வேலையிடத்துக் கழிப்பறை அவருடைய அதிகாரத்தில் இல்லை. மனு “உரிய நடவடிக்கைக்காக” என்று எங்கோ அனுப்பப்படுகிறது, அல்லது அனுப்பப்பட்டதாகப் பதில் வருகிறது. படம் மட்டும் மறுநாள் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த மனு போகவேண்டிய இடங்கள் பைனாவில் இருக்கும் இடுக்கி ஆட்சியர் அலுவலகமும், கேரளத் தொழிலாளர் துறையும், அந்தத் தோட்டம் இருக்கும் கிராமப் பஞ்சாயத்தும்தான்.

மலையாளம் எழுத ஆளில்லை என்பதற்காகவே இதைச் செய்யாமல் விடுகிறவர்கள் உண்டு. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் அதற்கு 1973இல் வந்த திருத்தமும், கேரளத்தின் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுத இடம் கொடுக்கின்றன. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் அப்படியே எழுதலாம். பதிலும் தமிழில் வரவேண்டும். இது கேரளத்தில் குடியிருக்கும் தமிழர்களுக்கான உரிமை என்பதால், தேனிச் சங்கத்தின் லெட்டர்பேடைவிட அங்கேயே வாழும் தோட்டத்துப் பெண்களின் கையெழுத்துக்கு இதில் வலு அதிகம். மேலே குடியிருக்கும் சொந்தபந்தம் இல்லாத குடும்பம் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை?

கிராம சபையிலும் இரண்டு மாநிலத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சிக்கு ஒரு சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் கூடும். கேரளத்தில் வார்டுதோறும் தனித்தனியாகக் கூடுகிறது. வார்டு உறுப்பினர்தான் கூட்டுகிறவர். அவரை முன்கூட்டியே பார்த்துப் பேசிவைக்காமல் நேரே பஞ்சாயத்துத் தலைவரிடம் பொன்னாடையோடு போவதில் பயனில்லை.

மனுவுக்குப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். அந்தச் சட்டம் தகவல் கேட்கும் உரிமையைக் குடிமக்களுக்குத்தான் தருகிறது. சங்கத்தின் பெயரில் மொட்டையாக அனுப்பினால் திருப்பி அனுப்ப ஒரு சாக்குக் கிடைத்துவிடும். செயலாளர் தன் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டால் சிக்கல் இல்லை. அதோடு, ஒரு மனுவில் சாலை, பஸ், மதுக்கடை, கழிப்பறை என்று பதினைந்து கோரிக்கையை அடுக்குவதையும் விட்டுவிடலாம். அப்படி எழுதினால் எந்த அலுவலகமும் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளாது.

பேசி முடித்துவைப்பது

வன்முறைப் புகார் வரும்போது நடக்கும் தவறுகளுக்கு விலை அதிகம். சங்கத்தில் செல்வாக்குள்ள நாலு பேர் சேர்ந்து இரு தரப்பையும் கூப்பிட்டு “பேசி முடித்து” வைப்பதைப் பெரிய சேவையாகவே நினைக்கிறார்கள். தோட்டத்தில் கங்காணியோ முதலாளியோ பாலியல் தொல்லை கொடுத்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் புகார் எழுத்தில் போகவேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கூட்டித் தரலாம், அவ்வளவுதான். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமானாலும், முதலாளி மீதே புகார் என்றாலும் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். இங்கேயும் அது தோட்டம் இருக்கும் இடுக்கி மாவட்டக் குழு. சமரசம் என்பது அந்தப் பெண் தானாகக் கேட்டால் மட்டுமே உண்டு. பணம் கொடுத்து முடிப்பது அதற்கு அடிப்படையாக இருக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. சங்கத்துப் பேச்சுவார்த்தை முடிவதற்குள் கெடு முடிந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

வீட்டு வன்முறைக்கு விதி வேறு. 2005ஆம் ஆண்டுச் சட்டம் பாதிக்கப்பட்ட பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கும் இடத்திலும், வேலை பார்க்கும் இடத்திலும் வழக்குத் தொடுக்க அனுமதிக்கிறது. உத்தமபாளையத்திலும் போடலாம், மலைமேலும் போடலாம். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் முதல் தகவல் அறிக்கையை எந்தக் காவல் நிலையத்திலும் பதியவேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு. “அது கேரளா கேஸ், அங்கே போங்கள்” என்று சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்ல ஒரு ஆள் சங்கத்தில் இருக்கவேண்டும். அந்த ஒருத்தி ஐம்பது தையல் மெஷினுக்குச் சமம்.

குழந்தைத் திருமணத்தைத் தடுத்துவிட்டுப் படம் போடுவதை என்னவென்று சொல்ல! நடுவில் தலைகுனிந்து சிறுமி, இரு பக்கமும் பட்டுப்புடவைகள். குழந்தைத் திருமண ஆபத்தில் இருக்கும் சிறுமி, சட்டத்தின் பார்வையில் பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தை. அவளுடைய அடையாளத்தை வெளியிடுவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டு லட்சம்வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். முகத்தை மறைத்துவிட்டு ஊர்ப் பெயரையும் பள்ளிப் பெயரையும் எழுதினால் மறைத்ததாக ஆகாது. செய்யவேண்டியது 1098க்கு அழைப்பு, மாவட்டச் சமூகநல அலுவலருக்குத் தகவல். திருமணத்தை எல்லைக்கு அந்தப் பக்கம் நடத்தத் திட்டமிட்டால் இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே நேரத்தில் தகவல்.

நாப்கின் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிக்கு எரியூட்டும் இயந்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மூடியோடு குப்பைக்கூடை இருக்கிறதா என்று பார்க்காமல் வருவது வழக்கமாகிவிட்டது. மின்கட்டணம் யார் தலையில் என்று தீர்மானிக்காத இயந்திரம் சீக்கிரமே சுவரோடு ஒட்டிய பெட்டியாகிவிடும். எல்லைக்கு அப்பால் கொஞ்சம் பார்க்கலாம். ஆலப்புழை நகராட்சி ‘திங்கள்’ திட்டத்தில் மாதவிடாய்க் கப்புகளைப் பெண்களுக்குக் கொடுத்தது. எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி, 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத பஞ்சாயத்தாக அறிவிக்கப்பட்டது. கப் எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கைகழுவத் தண்ணீரே இல்லாத தோட்டத்தில் அது பெரும் தொல்லை. வாங்குவதற்கு முன் பயன்படுத்தப்போகிறவர்களிடம் கேளுங்கள் என்பதுதான் விஷயம்.

கேட்பது என்றதும் 2015 செப்டம்பர் மூணாறு நினைவுக்கு வருகிறது. போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்ததும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அன்று அவர்களுடைய தினக்கூலி 232 ரூபாய். கேட்டது 500. தங்களுக்காகப் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துவிட்டு, ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் தாங்களே பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். 20 சதவீதம் திரும்பக் கிடைத்தது. கூலி பிறகு 301 ஆனது. கேட்ட 500 கிடைக்கவில்லை என்றாலும், பேசத் தெரியாதவர்கள் என்று யாரும் பிறகு அவர்களைச் சொல்லவில்லை. இத்தனைக்குப் பிறகும் தோட்டத்துப் பெண்களின் கோரிக்கையை மனுவாக்கும்போது அவர்களில் ஒருவரைக்கூட ஆட்சியர் அறைக்குள் அழைத்துப் போகாத சங்கங்கள் இருக்கின்றன. உள்ளே ஐந்து பேருக்குத்தான் அனுமதி என்றால், அந்த ஐவரில் மூவர் காய் எடுக்கிறவர்களாக இருக்கட்டும்.

கடைசியாக, ஜூலை 1. இன்னர் வீல் போன்ற சங்கங்களில் ஆண்டு ஜூலையில் பிறந்து ஜூனில் முடிகிறது, தலைவியும் மாறிவிடுகிறார். புதியவருக்குப் புதிய திட்டம் வேண்டும். பழையவர் போட்ட மனு பழையவரோடு போய்விடும். ஏலக்காய் சீசனும் ஏறத்தாழ அதே சமயத்தில்தான் சூடு பிடிக்கிறது. தோட்டத்துப் பெண்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதங்களில் சங்கத்தின் உற்சாகம் உச்சத்தில் இருக்கும். ஜனவரி, பிப்ரவரிக்குப் பிறகு அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும்போது சங்கம் ஆண்டறிக்கை எழுதத் தொடங்கியிருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தது 1927இல். சட்டம் வந்தது 1947இல். 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் போன்ற அமைப்புகள் அந்தக் கோரிக்கையின் பின்னால் நின்றன. ஆண்டுக்கு ஒரு திட்டம் என்று அவர்கள் மாற்றிக்கொண்டே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தலைவி மாறட்டும், தவறில்லை. பொன்னாடையோடு ஒரு ஃபைலும் கைமாறவேண்டும். எந்த மனு எந்த மாவட்டத்தில், எந்த எண்ணில், யார் மேசையில் இருக்கிறது. தகவல் உரிமைப் பதிலுக்கு எந்தத் தேதியில் 30 நாள் முடிகிறது. கொடுத்த மெஷின்களில் எத்தனை ஓடுகின்றன. மேலே எந்த வார்டு உறுப்பினர் போனை எடுக்கிறார். ஜூன் மாதக் கூட்டத்தில், பாராட்டுரைகளுக்கு முன்பாகவே, அதை வரிவரியாகப் படித்து ஒப்படைத்துவிட வேண்டும்.