கூஸ் வாத்தோடு குடித்தனம்

காவேரிப்பட்டணம் அருகே எங்கள் மாந்தோப்பில் மூன்று கூஸ் வாத்துகள் இருக்கின்றன. நாயைவிட நன்றாகக் காவல் காக்கும். தபால்காரரையும் விடாது என்பதுதான் தொல்லை.

ஆண் வாத்து கழுத்தைத் தாழ்த்தி நீட்டிச் சீறினால் ஓடாதீர்கள், துரத்தும். நிமிர்ந்து நின்று, கைகளை அகல விரித்து, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். கம்பால் அடிக்கவே கூடாது. பெட்டை அடைகாக்கும் 30 நாளும் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். நான் மூங்கில் படல் கட்டிவிடுவேன்.

தூக்கும்போது காலைப் பிடிக்காதீர்கள். இறக்கைகளை உடம்போடு அணைத்து, தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள். என் மாமியார் தலையை முன்பக்கமாக வைத்துத் தூக்கி, கம்மலைப் பறிகொடுக்கப் பார்த்தார்.

குளம் வேண்டாம், தலையை முக்கிக் கண்ணும் மூக்கும் கழுவிக்கொள்ளும் ஆழத்தில் ஒரு சிமென்ட் தொட்டி போதும். சித்திரையில் தினமும் இரண்டு முறை தண்ணீர் மாற்றுகிறேன். தீனி பெரும்பாலும் புல்தான். மாலையில் ஊறவைத்த கேழ்வரகு ஒரு பிடி, அதுவும் தட்டில். கையால் ஊட்டிப் பழக்கினால் வருகிறவர் விரலையெல்லாம் கொத்தும். இரவில் நாய்க்கும் கீரிக்கும் பயந்து கம்பிவலைக் கொட்டகையில் அடைக்கிறோம். தீபாவளியன்று மட்டும் வலையின்மேல் கோணிப்பை தொங்கவிடுவேன்.